திரிகைக்குப் பதில் யாழ்

என் அக்காவின் கணவர், நோர்வே அரசர்களின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் வாயில் கசக்கிறது.

அத்தான் எண்பதுகளில் நோர்வேக்குப் போனவர். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் பல வருடம் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து தபால் பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்டு மொழியை அவரளவுக்குப் படித்தவர்கள் எங்கள் சொந்தத்தில் இல்லை. எண்ணூறு, ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரசர்களை ஏதோ பக்கத்து வளவுக்காரர்களைப் போல, யார் யாருக்கு மகன், யார் யாரைக் கொன்றான் என்று மூச்சுவிடாமல் சொல்லுவார்.

நான் லண்டனில், மோர்டனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். கோயில் மலரோ பழைய மாணவர் மலரோ, எது அச்சுக்குப் போனாலும் ஒற்றுப்பிழை பார்க்க என்னிடம்தான் வரும். அத்தானும் அதைத்தான் கேட்டார். வெளியீட்டு விழாவை லண்டனில் வைப்பது, அதில் நான் மதிப்புரை சொல்வது என்பதையும் என்னைக் கேட்காமலே முடிவுசெய்திருந்தார். லண்டனில்தான் வாசிக்கிற சனம் இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

வேலை முடிந்து வந்து, தேநீர் ஊற்றிக்கொண்டு சமையலறை மேசையில் இருந்து வாசிக்கத் தொடங்கினேன். முதல் அத்தியாயங்கள் ஒருவாறு போயின. பனி, கப்பல், சண்டை. செத்துப்போய்ப் புனிதராக்கப்பட்ட ஓர் அரசனின் உடலில் மயிரும் நகமும் வளர்ந்துகொண்டே இருந்ததாம். பிறகு அரசனான அவருடைய மகன் அந்தப் பேழையைத் திறந்து திறந்து அவற்றை வெட்டிவிட்டானாம். இன்னொருவன் வந்து பேழையைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறியும்வரை இது நடந்ததாம். அத்தான் இதை மிகுந்த பக்தியோடு எழுதியிருந்தார். எனக்கு அன்றைக்கே தேநீர் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் மோசம். சிலுவைப் போருக்குப் போய்வந்த ஓர் அரசன். அவனிடம், அயர்லாந்திலிருந்து ஒருவன் தாயையும் கூட்டிக்கொண்டு வருகிறான். உன் தகப்பன்தான் என் தகப்பனும் என்கிறான். பழுக்கக் காய்ச்சிய ஏர்க்கொழுக்களின் மேல் வெறுங்காலோடு நடந்து அதை நிரூபிக்கச் சொல்கிறார்கள். நடக்கிறான். கால் வேகவில்லையாம். அரசனும் அவன் மகனும் உயிரோடு இருக்கும்வரை ஆட்சியைக் கேட்பதில்லை என்று சத்தியம் செய்தவன், அரசன் கண்ணை மூடியதும் கேட்கிறான். மகனும் அவனுமாக நாட்டைப் பங்குபோடுகிறார்கள். பிறகு அடிபடுகிறார்கள். மகன் பிடிபட்டதும் அவனுடைய இரண்டு கண்களையும் பிடுங்கி, ஒரு காலை வெட்டி, ஆண்மையையும் அறுத்து, மடத்தில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். ஒளித்துவைத்த பொன் எங்கே என்று சொல்லாததற்காக ஒரு ஆயரைத் தூக்கில் போடுகிறார்கள்.

இதைச் செய்தவனை, அவன் தன் ஆசைநாயகியோடு படுத்திருந்த இடத்தில், தானும் அதே தகப்பனுக்குப் பிறந்தவன் என்று சொல்லிக்கொண்டு வந்த மூன்றாவது ஒருவன் கொல்கிறான். அடுத்த சண்டைக்கு, செத்தவனின் கைக்குழந்தையை அரசன் என்று சொல்லிப் போர்வை மடிப்புக்குள் வைத்துக் களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த நெரிசலில் பிள்ளையின் முதுகு கோணிப்போகிறது. சாகும்வரை கூனன். மற்றப் பக்கத்தார் மடத்தில் கிடந்த குருடனை வெளியே இழுத்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய விசுவாசி ஒருவனையும் சேர்த்து ஒரே ஈட்டி குத்திவிடுகிறது. மூன்றாமவன் பிடிபட்டபோது கோடரியின் பின்பக்கத்தால் அவன் கைகால் எலும்புகளை அடித்து முறித்தார்கள். முதுகுத்தோல் உரியுமட்டும் சவுக்கால் அடித்தார்கள். அவன் பக்திப்பாடல் பாடிக்கொண்டே செத்தான்.

அத்தான் இந்தப் பக்கங்களை அனுபவித்து எழுதியிருந்தார். எலும்பு முறிகிற சத்தத்துக்கு ஒரு உவமை, கண் பிடுங்கியதற்கு ஒரு உவமை. ஒவ்வொரு அத்தியாயமும் வீரம் என்ற சொல்லில் முடிந்தது. எங்கள் ஊரில் ஒரே இனத்து இயக்கப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சுட்டு மின்கம்பத்தில் கட்டிவிட்டிருந்ததை நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்திருக்கிறேன். அத்தானும் அந்த ஊரிலிருந்து வந்தவர்தான். இப்படிச் சப்புக்கொட்டிக்கொண்டு எழுத அவரால் எப்படி முடிந்தது என்று விளங்கவில்லை. என் கணவரிடம் சொன்னேன். அவர் விமான நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒற்றுப்பிழையைப் பார்த்துப்போட்டுக் குடுக்க வேண்டியதுதானே, உனக்கேன் மிச்சம் என்றார்.

அப்படித்தான் செய்ய நினைத்தேன். ஆனால் ஊர்ப்பெயர்களை அத்தான் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதியிருந்தார். சரிபார்ப்பதற்காக, பழைய ஐஸ்லாந்துக்காரர் ஒருவர் எழுதிய அரசர் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலகத்தில் சொல்லி எடுப்பித்தேன். கூனனுடைய அண்ணன், அதே தகப்பனுக்கு வேறு தாயிடம் பிறந்தவன், அவனும் ஓர் அரசன், குதிரையில் போகும்போது ஒரு பண்ணை வீட்டில் பெண் பாடுகிற சத்தத்தைக் கேட்டு உள்ளே போகிற இடம் வந்தது. அத்தானின் எழுத்தில் அவள் பண்ணைத் தலைவனின் உறவுக்காரி. பட்டு உடுத்து, மேல்மாடத்தில் இருந்து யாழ் மீட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். அரசன் மயங்கினான். அவர்களுக்குப் பிறந்த மகன் பின்னால் அரசனானான்.

ஆங்கிலப் புத்தகத்தில் யாழும் இல்லை, மாடமும் இல்லை. அவள் அந்த வீட்டு வேலைக்காரி. திரிகையில் தானியம் அரைத்துக்கொண்டு நின்றாள். அரைத்தபடியே பாடினாள். அரசன் உள்ளே போனான், அவளோடு படுத்தான், எழும்பிப் போய்விட்டான். அவளை யாரும் எதுவும் கேட்டதாக அங்கே இல்லை. பிறந்த மகனைப் பத்து வயதளவில் அரசன் என்று தூக்கி வைத்தார்கள், வாலிபம் முற்றுவதற்குள் அவனும் வெட்டுப்பட்டுச் செத்தான்.

நான் முன்னுக்குப் புரட்டிப் பார்த்தேன். ‘நல்லவர்’ என்று பெயரெடுத்த இன்னோர் அரசனின் தாயை அரசனின் அடிமைப்பெண் என்று அழைத்தார்கள் என்றும், ஆனால் பிறப்பில் நல்ல குடும்பத்தவள் என்றும் ஐஸ்லாந்துக்காரர் எழுதியிருந்தார். அத்தான் அந்த வசனத்தின் முதற்பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் எடுத்திருந்தார். அவனுக்கும் முந்திய அரசன் ஒருவனின் தாயும் அரசனின் பணிப்பெண் என்றுதான் இருந்தது. அத்தானிடம் அவள் பிரபுவின் மகள். புத்தகம் முழுக்க இரத்தம் ஒழுக ஒழுக எழுதிய மனிதர், தாய்மாரை மட்டும் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்.

அத்தானுக்குத் தொலைபேசி எடுத்து, பாட்டுப் பாடிய அந்தப் பெண் திரிகையில் அல்லவா அரைத்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

“ஓம் பிள்ளை, அது எனக்குத் தெரியும்,” என்றார்.

“பிறகேன் யாழ் அத்தான்?”

“தமிழிலை வாசிக்கேக்கை ஒரு அழகு வேணுமெல்லே. ஒரு ராசாவின்ரை தாய் மா அரைச்சவ எண்டு எழுதினா எங்கட சனம் புத்தகத்தை மூடி வைச்சிடும்.”

அது வரலாறு அல்லவா என்றேன். வரலாற்றையும் ஆட்களைப் பார்த்துத்தான் பரிமாறவேண்டும் என்றார். ஒற்றுப்பிழைகளை மட்டும் பார்க்கும்படி மரியாதையாகச் சொன்னார். பார்த்துக் கொடுத்தேன். திரிகையை ஓரத்தில் பென்சிலால் எழுதி, அடிக்கோடும் போட்டுத்தான் கொடுத்தேன். புத்தகம் யாழோடுதான் அச்சானது.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அத்தானும் அக்காவும் வந்து எங்கள் வீட்டில் தங்கினார்கள். இங்கே அவர்களுடைய மகனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவன், வேலைக்காக லண்டன் வந்தவன். வால்தம்ஸ்டோவில் இருக்கிறான். இங்கேயே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளையை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்தான். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிற வேலை. தாய் தகப்பன் எந்த ஊர் என்று அத்தான் முதலில் கேட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான். பிறகு எந்தக் குறிச்சி என்று கேட்டார். ஊரில் குறிச்சியைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அதோடு மகனோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ஒரு பெண் குழந்தை பிறந்து ஏழு மாதமாகியிருந்தது. அத்தான் படம்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மகனின் வீட்டுக்கு ரெயிலில் ஒரு மணித்தியாலம்தான். அத்தான் அந்தப் பக்கத்தின் பெயரையே எடுக்கவில்லை. விழா மண்டபம், பதாகை, யாருக்கு முதற்பிரதி, யாருக்குப் பொன்னாடை என்று நாள் முழுக்கத் தொலைபேசியில் இருந்தார். அக்கா என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை நான் விடுமுறை எடுத்துக்கொண்டு, சட்டை தைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று அத்தானிடம் சொல்லி அக்காவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அறுபது வயது தாண்டிய ஒருத்தி தன் பேரப்பிள்ளையைப் பார்க்கத் தையற்காரியைப் பொய்யாகச் சொல்லவேண்டி இருந்தது. அதுவே எனக்குக் கூசியது. ஸ்டொக்வெல்லில் ரெயில் மாறினோம். மாறி ஏறியபின் அக்கா, பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தும், குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

“மகன் கட்டின அந்தப் பிள்ளையின்ரை அம்மம்மா உன்ரை அத்தான்ரை வீட்டிலை மா இடிக்க வாறவ. முன்வாசலாலை விடமாட்டினம், பின்வளவாலைதான் வந்து போறவ. இவர் குழந்தையா இருக்கேக்கை அவதான் இடுப்பிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சவவாம். இவரே ஒருக்கால் எனக்குச் சொன்னவர்.”

யாழ் எதற்காக வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. சனம் வாசிக்காது என்று அவர் சொன்னதெல்லாம் சாட்டு. அந்தப் பக்கத்தை எழுதும்போது அவருக்குத் தன் வீட்டுப் பின்வளவு நினைவுக்கு வந்திருக்கிறது. தன்னைச் சுமந்த பெண்ணின் சத்தம் எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஒரு பண்ணையிலும் கேட்கக்கூடாது என்று, கையை வைத்து மூடியிருக்கிறார்.

மகன் கதவைத் திறந்தான். தாயைக் கண்டதும் குனிந்து அவள் செருப்பைக் கழற்றிவிட்டான். மருமகள் தேநீர் கொண்டுவந்தாள், மாமி என்று கூப்பிட்டாள், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான். தயங்கித் தயங்கி, உங்களுக்குச் சீனி போடலாமா என்று மட்டும் தமிழில் கேட்டாள். குழந்தையை அக்காவின் மடியில் வைத்தார்கள். அது கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தையே பார்த்துவிட்டு, குடித்த பால் முழுவதையும் அவள் நெஞ்சில் கக்கியது. மருமகள் பதறிப்போய்த் துவாய் எடுக்க ஓடினாள். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் சேலைத் தலைப்பால் பிள்ளையின் வாயையும் கழுத்தையும் துடைத்தாள். தன்னைத் துடைக்கவே இல்லை. திரும்பி வரும்வரை அந்தப் புளித்த மணத்தோடுதான் இருந்தாள்.

அன்று மாலை புட்டும் மீன்குழம்பும். அத்தான் சந்தோஷமாக இருந்தார். முதற்பிரதி வாங்க ஒரு வியாபாரி சம்மதித்திருந்தார். கவளத்தை உருட்டிக்கொண்டே குருடாக்கப்பட்ட அரசனின் கதையை என் கணவருக்குச் சொன்னார். கண்ணை எப்படித் தோண்டியிருப்பார்கள் என்று குழம்பு பூசிய பெருவிரலால் காட்டினார். என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அப்படி அடிபட்டாலும் அந்த நாட்டுச் சட்டம் பெரிய சட்டம் என்றார் அத்தான். அரசனின் இரத்தம் என்றால் போதுமாம். எந்தத் தாய்க்குப் பிறந்தாலும் எல்லா மகனுக்கும் ஒரே உரிமையாம், திருமணம் நடந்ததா என்றுகூடக் கேட்கமாட்டார்களாம். பின்னாலே தேவாலயம் வந்துதான் அதை மாற்றியதாம்.

“அப்ப உங்கட ரத்தம் அத்தான்?” என்று கேட்டேன்.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. அத்தான் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். நான் எதைக் கேட்கிறேன் என்பது அவருக்கு உடனே விளங்கியது.

“அவை ராசாக்கள்,” என்றார். “நாங்கள் எங்கட முறையோடை இருக்கிற ஆக்கள். அதையும் இதையும் கலக்காதை.”

பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். நான் எழும்பவில்லை. அக்காதான் ஊற்றினாள். மீனின் கண்ணை விரலால் நோண்டி எடுத்து வாயில் போட்டார். அது ஊரில் எல்லாரும் சாப்பிடுவதுதான், நானும் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை, மோர்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சனம் நல்லாக வந்திருந்தது. பதாகையில் முடிசூடிய அரசன் ஒருவனும் அவனைவிடப் பெரிதாக அத்தானும் இருந்தார்கள். விளக்கேற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற வைத்தியர் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார். தமிழனின் வீரத்துக்கும் நோர்வேக்காரனின் வீரத்துக்கும் உள்ள ஒற்றுமையை அரை மணித்தியாலம் சொன்னார். அடுத்துப் பேசியவர்கள் சொன்ன ஒவ்வொரு கொலைக்கும் கைதட்டினார்கள். குழந்தை அரசனைப் போர்வைக்குள் வைத்துக் களத்துக்குக் கொண்டுபோன கதைக்கு ஒரு தகப்பன் தன் மடியில் இருந்த பிள்ளையின் கைகளைப் பிடித்துத் தட்டவைத்தார்.

என் முறை வந்தபோது அத்தானின் உழைப்பைப் பாராட்டினேன். அது உண்மைதான். பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து யாழ் வருகிற பந்தியை வாசித்தேன். மூல நூலில் இந்தப் பெண் பண்ணை வேலைக்காரி என்றும், அவள் திரிகையில் அரைத்துக்கொண்டு பாடியவள் என்றும், இதுபோல இன்னும் சில தாய்மார் மாற்றப்பட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். நோர்வேயின் அரச வரலாற்றில் நாங்கள் படிக்க ஏதாவது இருந்தால் அது இந்தத் தாய்மாரிடம்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொண்டு செத்த இடம் என்றேன். உன் தாய் எந்தக் குறிச்சி என்று அந்த மகன்மாரை யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னேன். குறிச்சி என்ற சொல்லைச் சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்தார்கள். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்தார்கள்.

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலைவர் என் நுணுக்கமான பார்வைக்கு நன்றி சொன்னார். அத்தான் ஏற்புரையில் சிரித்துக்கொண்டே, மச்சாள் ஒரு சின்ன எழுத்துப்பிழை கண்டுபிடித்திருக்கிறா, அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார். மண்டபம் சிரித்தது. தேநீர் மேசையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து, நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் சபையில் சொல்லியிருக்கத் தேவையில்லை என்றாள். சொல்லிவிட்டு இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனாள். அவள் தின்ற ரோல்ஸ் பலகாரத்தின் எண்ணெய் அவள் விரலிலிருந்து என் கையில் ஒட்டியிருந்தது. நான் கழிப்பறைக்குப் போய் முழங்கைவரை கழுவினேன்.

அக்கா பின்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மறுநாள் அவர்கள் ஒஸ்லோவுக்குத் திரும்பவேண்டும். மதியம் பெட்டிகளைக் காரில் ஏற்ற என் கணவர் வந்தபோது கூடத்தில் ஒரு பெட்டிதான் இருந்தது. அத்தான் மற்றப் பெட்டி எங்கே என்று கேட்டார்.

“நான் இண்டைக்கு வரேல்லை,” என்றாள் அக்கா. “மகன்ரை வீட்டிலை ரெண்டு கிழமை நிண்டு பிள்ளையைப் பாத்துப்போட்டு வாறன். மருமகள் வேலைக்குத் திரும்பப் போகுது.”

மருமகள் என்ற சொல்லை அவள் அழுத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒஸ்லோ வீட்டுச் சாவியைக் கொடு என்று மட்டும் அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

அக்காவின் இரண்டு கிழமை இரண்டு மாதமாகியது. அதற்குப் பிறகு ஒஸ்லோவுக்குப் போனாள், இப்போது போவதும் வருவதுமாக இருக்கிறாள். குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது. அத்தான் இன்னும் வந்து பார்க்கவில்லை. பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. வயது போனால் மனம் இளகும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, அவர் இளகவேண்டும் என்ற ஆசையும் போய்விட்டது.

புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தது. யாழ் அப்படியே இருக்கிறது. ஒஸ்லோவில் ஒரு சங்கம் அவருக்குப் பட்டம் கொடுத்தது. அடுத்ததாக டென்மார்க் அரசர்களை எழுதுகிறார். போன மாதம் அதன் முதற்பகுதியை எனக்கு அனுப்பி, எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி, ஒன்றும் நடக்காததுபோல, அன்பாகக் கேட்டிருந்தார். ஏலாது அத்தான் என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். வேறு ஒருவரைக் கொண்டு பார்ப்பிக்கிறார் என்று கேள்வி. அக்காவிடம் புதிய புத்தகம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். மேசையில் கிடக்கிறது, தான் தொடவில்லை என்றாள்.